மேடை கோணலா, ஆட்டம் கோணலா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் நாங்கள் ஆதரிக்கும் அணி வாராவாரம் 15 புள்ளிகளைத் தாண்டவே திணறுகிறது. ஒவ்வொரு முறையும் என்ன ஆட்டம் ஆடவேண்டும் என்று பிளே சொல்லும் ஒருங்கிணைப்பாளரை வீட்டுக்கு அனுப்பினால்தான் விடிவு என்கிறேன் நான். பந்தை எறிபவரை நெருங்கவிடாமல் முன்வரிசை தடுக்காத வரையில் யார் வந்து என்ன சொன்னாலும் ஒன்றுதான் என்கிறார் என் மைத்துனர். ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று நான் கேலி செய்யப்போக, இப்போது பேச்சுவார்த்தை இல்லை. யார் பக்கம் நியாயம்?

பதில்: தீர்ப்புக்கு முன்னால் நீதிபதியின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ளுங்கள். என் மகன் உயர்நிலைப் பள்ளி அணியில் ரைட் கார்டு, அதாவது முன்வரிசைத் தடுப்பாளர்களில் ஒருவன். வெள்ளிக்கிழமை இரவுகளில் அந்த அணிக்காக எண்ட் ஸோன் எனப்படும் களத்தின் கோடிக்குப் பின்னால் உயரத்தில் காமிராவை நிறுத்திப் படம் பிடிப்பது என் வேலை. பந்தை எறியும் குவாட்டர்பேக் ஒருவனின் அப்பாவைக் கேட்டிருந்தால் உங்களுக்கு வேறு பதில் கிடைத்திருக்கும். நான் உங்கள் மைத்துனர் பக்கம். முழுமையாக அல்ல, முக்கால் பங்கு.

நீங்கள் தொலைக்காட்சியில் பார்ப்பது பக்கவாட்டுக் காமிரா. அது பந்தின் பின்னாலேயே ஓடும். மூன்றாவது டவுன் (பத்து யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), எட்டு யார்டு தேவை. குவாட்டர்பேக் நான்கு யார்டு தூரத்தில் இருப்பவனுக்கு எறிகிறார், அவன் அங்கேயே விழுகிறான். ‘எட்டு யார்டு தேவைப்படும்போது நான்கு யார்டுக்கு யாராவது பிளே சொல்வார்களா?’ என்று நாற்காலியிலிருந்து எழுகிறீர்கள். ஆனால் சொல்லப்பட்ட பிளேயில் பதினைந்து யார்டுக்கு ஓடியவன் ஒருவன் இருந்திருப்பான். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் குவாட்டர்பேக்கின் முகத்துக்கு நேராக ஒரு எதிரணிக்காரன் நின்றிருப்பான். நீங்கள் கண்டது, மூழ்கும் கப்பலிலிருந்து குதிப்பவர் கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொண்டதை.

என் காமிராவில் தெரிவது வேறு படம். முன்வரிசையில் ஐந்து பேர்: நடுவில் சென்டர், இரு பக்கமும் கார்டு, கடைசியில் டேக்கிள்கள். சென்ற மாதம் பதிவான ஒரு பிளேயைச் சொல்கிறேன். எதிரணியின் விளிம்பில் நின்றவன் வெளியே சுற்றி வரவில்லை; நேராகக் கார்டின் தோளைக் குறிவைத்து உள்ளே பாய்ந்தான். அதே நொடியில் கார்டுக்கு எதிரே நின்ற கனத்த ஆள் அவனுக்குப் பின்னால் வளைந்து வெளிப்பக்கம் ஓடினான். இதை ட்விஸ்ட் என்பார்கள். கார்டும் டேக்கிளும் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிக்கொள்ள வேண்டுமானால் இருவரும் ஒரே ஆழத்தில் பின்வாங்கியிருக்க வேண்டும். கார்டு அரையடி முன்னால் நின்றுவிட்டான். தன் ஆளைத் துரத்திக்கொண்டு போனவன் பக்கத்து டேக்கிள்மீது மோதினான், இருவரும் சிக்கிக்கொண்டார்கள், வளைந்து வந்தவனுக்கு வாசல் திறந்தது. குவாட்டர்பேக் விழுந்தான். அரங்கத்தில் எனக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் எழுந்து, பயிற்சியாளரைப் பார்த்துப் பிளேயை மாற்றச் சொல்லிக் கத்தினார். அந்தப் பிளேயில் ஒரு தப்பும் இல்லை. தப்பு அரையடியில் இருந்தது. (எந்தக் கார்டு என்று கேட்காதீர்கள்.)

பெரிய மேடையில் இதற்குச் சாட்சி வேண்டுமானால், கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் டாம்பா பே அணியிடம் 31–9 என்று தோற்றார்கள். பந்தை எண்ட் ஸோனுக்குள் கொண்டுசேர்க்கும் டச்டவுன் ஒன்றுகூட இல்லை. பிளே சொன்னவர் தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட், எறிந்தவர் பேட்ரிக் மஹோம்ஸ். இருவரில் யாரும் ஒரே இரவில் முட்டாளாகிவிடவில்லை. லெஃப்ட் டேக்கிள் எரிக் ஃபிஷருக்கு முந்தைய ஆட்டத்தில் குதிகால் தசைநாண் அறுந்திருந்தது. ரைட் டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகு வலியால் பல வாரங்களாக ஆடவில்லை. கார்டு லோரன் டுவெர்னே-டார்டிஃப் மருத்துவப் பட்டம் பெற்றவர். கொரோனா காலத்தில் ஆட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நோயாளிகளைக் கவனிக்கப் போய்விட்டார். மிச்சம் இருந்தவர்களை இடம் மாற்றி நிறுத்தினார்கள். மஹோம்ஸ் எறிவதற்காகப் பின்வாங்கிய 56 முறையில் 29 முறை நெருக்கடிக்கு உள்ளானார். எறிவதற்கு முன்னால் தப்பித்து ஓடியே கிட்டத்தட்ட 500 யார்டு அலைந்தார். இத்தனைக்கும் டாம்பா பே அணி பிளிட்ஸ் (வழக்கமான நால்வருக்கு மேல் ஆட்களைப் பாயவிடுவது) அனுப்பியது மிகக் குறைவு. நான்கு பேரை விட்டாலே போதும் என்றிருக்கும்போது ஐந்தாவது ஆளை எதற்கு வீணாக்குவது?

அந்த ஆண்டிலேயே சீஃப்ஸ் நிர்வாகம் ரீடைத் தொடாமல் முன்வரிசையில் கைவைத்தது. ஜோ தூனி, ஆர்லாண்டோ பிரவுன், கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் புதிதாகக் கிடைத்த கிரீட் ஹம்ஃப்ரி, ட்ரே ஸ்மித் என்று ஆட்களைச் சேர்த்தார்கள். 2023 பிப்ரவரியில் மறுபடி சூப்பர் பவுல். எதிரே பிலடெல்ஃபியா ஈகிள்ஸ், அந்தப் பருவத்தில் 70 சாக் (குவாட்டர்பேக்கை எறிவதற்கு முன்பே வீழ்த்துவது) எடுத்த அணி. அன்று அவர்களுக்குக் கிடைத்த சாக் பூஜ்யம். சீஃப்ஸ் 38–35 என்று வென்றது. புல்தரை வழுக்கியது என்று அப்போது பேச்சு எழுந்தது. ஓரளவு உண்மைதான், ஆனால் இரு அணியும் அதே புல்லில்தான் ஆடின. தலைமைப் பயிற்சியாளர் பழையவரே, தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் எரிக் பியனமியும் பழையவரே, குவாட்டர்பேக்கும் பழையவரே. முன்வரிசை ஐவரில் நால்வர் புதியவர்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2025 பிப்ரவரியில் அதே இரண்டு அணிகள் நியூ ஆர்லியன்ஸில் மோதின. கார்டான தூனியையே லெஃப்ட் டேக்கிளாக நிறுத்தவேண்டிய நிலை. ஈகிள்ஸ் ஒரு முறைகூட பிளிட்ஸ் அனுப்பவில்லை. ஆறு சாக், 40–22 என்று ஈகிள்ஸ் வெற்றி. சில நேரம் கூடம் நிஜமாகவே கோணல்தான். மைத்துனரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் பிளே சொல்பவருக்குப் பொறுப்பே கிடையாதா? தோற்றாலும் முன்வரிசை, திணறினாலும் முன்வரிசை என்று அவர் கைகழுவிவிடலாமா?

பதில்: விட மாட்டேன். மீதிக் கால் பங்கை வைத்திருப்பது அவருக்காகத்தான்.

முன்வரிசை பலவீனம் என்பது முதல் இரண்டு ஆட்டத்திலேயே அவருக்குத் தெரியும். தெரிந்த பிறகும் பலமான வரிசைக்கு எழுதிய தாளையே கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்மீதுதான் எனக்குக் கோபம். குவாட்டர்பேக்குக்குப் பக்கத்தில் யாரையும் நிறுத்தாமல் ஐந்து பேரையும் வெளியே ஓடவிட்டு, ஐந்து தடுப்பாளர்களை மட்டும் நம்பி நீளமான பிளேயைச் சொல்வார். எதிரணியின் மிகச் சிறந்த விளிம்பு ஆட்டக்காரனுக்கு எதிரே தடுமாறும் டேக்கிளைத் தனியாக நிறுத்துவார். தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் ஒருவரை அந்தப் பக்கம் நிறுத்தி, ஓடும் வழியில் தோளால் ஒரு இடி இடித்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தால் அரை நொடி கிடைத்திருக்கும். இந்த ஆட்டத்தில் அரை நொடி பெரிய சொத்து. ஈஎஸ்பிஎன் விளையாட்டு ஊடக நிறுவனம் பாஸ் தடுப்பை (எறியும்போது காக்கும் தடுப்பை) அளக்கும்போது வைத்திருக்கும் கோடே 2.5 நொடிதான். அதுவரை தாக்குப்பிடித்தால் அந்தத் தடுப்பாளர் வென்றதாகக் கணக்கு. மூன்றரை நொடி பிடிக்கும் பிளேயைச் சொல்லிவிட்டுத் தடுப்பு சரியில்லை என்பது அநியாயம்.

இன்னொரு குற்றம் கொஞ்சம் நுட்பமானது. முதல் டவுனில் நடுவே ஓட்டம், இரண்டு யார்டு. இரண்டாவது டவுனில் மறுபடி நடுவே ஓட்டம், ஒரு யார்டு. மூன்றாவது டவுனில் ஏழு யார்டு தேவை. இனி பாஸ்தான் என்று அரங்கத்தில் பாப்கார்ன் விற்பவருக்கும் தெரியும். எதிரணி விளிம்பு ஆட்டக்காரன் ஓட்டத்தைப் பற்றிய கவலையே இல்லாமல் கால் விரல்களில் நின்று காத்திருக்கிறான். பந்து அசைந்ததும் பாய்கிறான். டேக்கிள் தோற்கிறான். புள்ளிவிவரத்தில் அது தடுப்பின் குற்றமாகப் பதிவாகும். என் கணக்கில் அது முதல் டவுனிலேயே செய்த குற்றம்.

முதல் டவுனில் ஓடுவதுபோல் காட்டி எறிவது, பாய்ந்து வருபவர்களை வரவிட்டு அவர்கள் தலைக்கு மேல் ஸ்க்ரீன் பாஸ் போடுவது, மூன்றே காலடி பின்வாங்கி உள்நோக்கிச் சாய்வாக ஓடுபவனுக்கு உடனே ஸ்லான்ட் எறிவது, குவாட்டர்பேக்கையே வெளிப்பக்கம் நகர்த்திவிடுவது: பலவீனமான வரிசைக்கு வழி இல்லாமல் இல்லை. இவற்றை எத்தனை முறை சொன்னார் என்று பாருங்கள். சொல்லியும் நடக்கவில்லையென்றால் அவரை மன்னிக்கலாம். சொல்லவே இல்லையென்றால் உங்கள் பக்கம் நான் வந்துவிடுகிறேன்.

கேள்வி: ஒரே ஒரு பிளேயை வைத்தே கேட்கிறேன். 2015 சூப்பர் பவுலில் சியாட்டில் அணி டச்டவுனுக்கு ஒரு யார்டு தூரத்தில் நின்றுகொண்டு பாஸ் சொன்னதே, அதுவும் தடுப்பின் குற்றம்தானா?

பதில்: சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறீர்கள். நான் சிரிக்காமல் பதில் சொல்கிறேன்: ஆம், ஒரு பகுதி.

இரண்டாவது டவுன், 26 நொடி மிச்சம், கையில் ஒரே ஒரு டைம் அவுட். முந்தைய பிளேயில் ஓட்டக்காரர் மார்ஷான் லிஞ்ச் நான்கு யார்டு ஓடி ஒரு யார்டு கோட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ரஸ்ஸல் வில்சன் எறிந்ததை நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் பறித்தார்; நியூ இங்கிலாந்து 28–24 என்று வென்றது. அன்றிலிருந்து இன்றுவரை தவறான பிளேக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் நீட்டுவது இதைத்தான்.

பிளே எப்படி வரையப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். வலப்பக்கம் முன்னால் நின்ற ஜெர்மெய்ன் கியர்ஸ் உள்ளே புகுந்து பட்லரின் வழியை அடைக்க வேண்டும். பின்னால் நின்ற ரிக்கார்டோ லாக்கெட் அந்த மறைவில் ஸ்லான்ட் ஓடிப் பந்தைப் பிடிக்க வேண்டும். ஆனால் நியூ இங்கிலாந்தின் பிராண்டன் பிரவுனர் கியர்ஸை அவர் நின்ற இடத்திலேயே கைகளால் நிறுத்திவிட்டார். கியர்ஸ் ஓர் அடி நகரவில்லை. பட்லருக்கு ராஜபாட்டை. மறுபடி போட்டுப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டுப் பிரவுனரின் கைகளை மட்டும் பாருங்கள். எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். இருந்தாலும் நானாக இருந்தால் லிஞ்சிடம்தான் கொடுத்திருப்பேன்.

கேள்வி: என்ன பிளே வரப்போகிறது என்று எதிரணிக்குத் தெரிந்தால் ஆட்டம் முடிந்தது என்கிறார்களே?

பதில்: கிரீன் பே அணியின் பழைய பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி கேட்டால் சிரிப்பார். 1960-களில் அவருடைய பவர் ஸ்வீப் என்ற ஓட்டப் பிளே எப்போது வரும் என்று எல்லா எதிரணிக்கும் தெரியும். ஜெரி கிரேமர், ஃபஸி தர்ஸ்டன் என்ற இரண்டு கார்டுகளும் தங்கள் இடத்தை விட்டுக் கிளம்பி, பந்தோடு வருபவனுக்கு முன்னால் ஓடி வழி திறப்பார்கள். தெரிந்து என்ன செய்வது? ஐந்து சாம்பியன் பட்டங்களை வென்றார். இன்றைக்கு ஈகிள்ஸ் அணி ஒரு யார்டு தேவைப்படும்போது குவாட்டர்பேக்கைப் பின்னாலிருந்து தள்ளும் பிளேயும் அதே ரகம். ரகசியம் ஒன்றும் இல்லை. அதைத் தடை செய்யவேண்டும் என்று மற்ற அணிகள் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

கேள்வி: எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, பயிற்சியாளர் கடைசி நொடியில் தடுப்பை மாற்றச் சொல்லக்கூடாதா?

பதில்: முடியாது. குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ 1994-இல் வந்தது. ஆனால் அடுத்த பிளேயைத் தொடங்கத் தரப்படும் 40 நொடிக் கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது அது அணைந்துவிடும். அதற்குப் பிறகு களத்தில் இருப்பவர்கள் பாடு. வழக்கமாகச் சென்டர்தான் எதிரணியில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களில் ஒருவனை நடு ஆளாகக் கைகாட்டி அறிவிப்பார். அதை வைத்து மற்ற நால்வரும் ஓட்டக்காரரும் யாருக்கு யார் என்று கணக்குப் போடுவார்கள். கணக்கு தப்பினால் ஒருவன் தடையே இல்லாமல் ஓடிவருவான். அப்படி வருபவனைப் பார்த்ததும் நாம் பக்கத்தில் நிற்கும் டேக்கிளைத் திட்டுகிறோம். அவன் தன் ஆளைச் சரியாகவே பிடித்திருக்கலாம். யாருக்கு எந்த வேலை தரப்பட்டது என்பது வெளியிலிருந்து எப்போதும் தெரியாது என்பதால், ஒரு பிளேயை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பத்துப் பிளே பாருங்கள்.

குவாட்டர்பேக்கையும் விட்டுவிட வேண்டாம். திறந்திருப்பவனுக்கு இரண்டு நொடியில் எறியாமல் நான்கு நொடி பந்தை வைத்திருந்து விழுபவர்களும் இருக்கிறார்கள். அந்த சாக்கையும் என் மகன் போன்றவர்கள் தலையில்தான் எழுதுகிறார்கள்.

கேள்வி: ஒரே பருவத்தில் மிக அதிகமாக சாக் வாங்கியவர் யார்?

பதில்: டேவிட் கார், 2002, ஹூஸ்டன் டெக்ஸன்ஸ். 76. அந்த அணிக்கே அது முதல் பருவம். நிர்வாகம் தடுப்பை மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. புதிய அணிக்காக மற்ற அணிகளிலிருந்து ஆளெடுக்கும் விரிவாக்க டிராஃப்டில் அவர்கள் முதல் ஆளாக எடுத்ததே டோனி பொசெல்லி என்ற அருமையான லெஃப்ட் டேக்கிளைத்தான். தோள் காயத்தால் அவர் அந்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

கேள்வி: ஒருங்கிணைப்பாளரை நடுப்பருவத்தில் நீக்கினால் பலன் உண்டா?

பதில்: 2024-இல் சிகாகோ பேர்ஸ் செய்து பார்த்தது. நவம்பரில் நியூ இங்கிலாந்திடம் 19–3 தோல்வி, குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸுக்கு அன்று மட்டும் ஒன்பது சாக். ஒருங்கிணைப்பாளர் ஷேன் வால்ட்ரன் நீக்கப்பட்டார். பிளே சொல்லும் வேலை தாமஸ் பிரவுனுக்குப் போனது. மாதம் முடிவதற்குள் தலைமைப் பயிற்சியாளரும் போனார். முன்வரிசை அப்படியே இருந்தது. பருவம் முடியும்போது வில்லியம்ஸின் சாக் கணக்கு 68.

அடுத்த ஆண்டு பென் ஜான்சன் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். கூடவே நம் பழைய ஆள் ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் என்று முன்வரிசையின் நடுப்பகுதி முழுவதும் புதிதாக வந்தது. சாக் பாதிக்கும் கீழே இறங்கியது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டார்கள். ஆகவே நீங்களும் உங்கள் மைத்துனரும் தத்தம் கட்சியே ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆளை மட்டும் மாற்றிய அந்த இலையுதிர்காலத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் அவர் நினைவூட்டினால், உங்களிடம் பதில் இருக்காது.

கேள்வி: இவ்வளவு பணம் புரளும் ஆட்டத்தில் நல்ல முன்வரிசைக்கு ஏன் இத்தனை பஞ்சம்?

பதில்: என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். மோதாமல் தடுக்கக் கற்றுக்கொள்ள முடியாது. 2011-இல் வீரர்கள் சங்கத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தில், பருவம் முழுவதற்குமே முழுக் கவசத்தோடு செய்யும் பயிற்சி 14 நாளாகக் குறைந்தது. உடம்புக்கு அது நல்லது. அதை எதிர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ட்விஸ்ட் வந்தால் ஆளை மாற்றிக்கொள்வது போன்ற வேலை ஐந்து பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, திரும்பத் திரும்ப இடிபட்டுப் படிகிற பழக்கம். அதில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் வெறும் ஒருவர் மாறுவதில்லை. கார்டை டேக்கிளாக்கி, மாற்று ஆளைக் கார்டாக்கி, இரண்டு மூன்று இடம் கலைந்துவிடுகிறது.

கேள்வி: முதன்முறையாக அரங்கத்துக்குப் போய் என்எஃப்எல் ஆட்டம் பார்க்கப்போகிறேன். முன்வரிசையைக் கவனிக்க எங்கே உட்காரலாம்?

பதில்: எண்ட் ஸோனுக்குப் பின்னால், மேல் வரிசை. கீழ் வரிசை வேண்டாம். அங்கே ஒருவர் மேல் ஒருவர் மறைத்துக்கொண்டு முதுகுகள்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால் ஐந்து பேருக்கும் இடையிலுள்ள சந்துகள் திறப்பதும் அடைபடுவதும் தெளிவாகத் தெரியும். பந்து அசைந்ததும் டேக்கிளின் இடுப்பைப் பாருங்கள். இடுப்பு பக்கவாட்டுக் கோட்டை நோக்கித் திரும்பிவிட்டால் உள்பக்கம் திறந்துவிட்டது என்று பொருள். அடுத்த நொடியில் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்து நாற்காலிக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிப் பெயர் வாங்கலாம். நடுக்கோட்டு இருக்கையைவிட டிக்கெட்டும் பெரும்பாலும் மலிவு. எத்தனை யார்டு கிடைத்தது என்பது மட்டும் அங்கிருந்து சரியாகத் தெரியாது; அதற்குப் பெரிய திரை இருக்கிறது.